வழித்தட மாற்றம்: பதினான்கு நிமிடம்

மேல்தளம் திறந்த பேருந்தை
அபர்டீன் நகரில் ஒன்பது கோடைகளாய் ஓட்டுகிறேன்.
கோடை என்பது இங்கே ஒரு பேச்சுக்கு.

மேலே ஊனா ஃபர்க்கர்சன், கையில் ஒலிவாங்கி.
கீழே என் காதோரம் ஒரு தகரப் பெட்டி.
எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு வாங்குவாள்
என்பது வரை எனக்கு மனப்பாடம்.
நேரில் நாங்கள் பேசிக்கொள்வது
"மழை."
"இன்னும் மழை."

இடப்பக்கம் பாருங்கள், மார்ஷல் கல்லூரி,
கல்லில் பின்னிய சரிகை.
அடுத்து, தோளோடு தோள் உரச மூன்று கட்டடம்:
நூலகம், தேவாலயம், நாடக அரங்கம்.
படிப்பு, மீட்பு, நாசம் என்போம் நாங்கள்.
இந்த இடத்தில் சிரிப்பு வரும்.
கடைசி வரிசைக்கு மட்டும்
ஒரு தெரு தள்ளி வரும்.

துறைமுக வாயில். டால்ஃபின்களுக்கு ஆறு நிமிடம்.
போன வாரம் அவை வரவில்லை.
வந்தது ஒரு கடற்புறா,
ஒருவர் கையிலிருந்த வறுத்த மீனைப் பொட்டலத்தோடு கொண்டுபோனது.
லீட்ஸ்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.
"கடலிடம் கேளுங்கள்" என்றாள் ஊனா.
மறுநாள் அவளுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்:
எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசவும்.

இன்று யூனியன் தெருவை வெட்டிப் போட்டிருந்தார்கள்.
மஞ்சள் சட்டைக்காரன் மேற்கே கை நீட்டினான்.
குவீன்ஸ் சாலையில் ஏறினேன்.
தாளில் இல்லாத வீடுகள்,
தாளில் இல்லாத ஒரு செந்நிற மரம்.
பெட்டியில் வெறும் காற்று இரைந்தது.
ஒன்பது கோடையில் முதல்முறையாக
அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எண்ணெய்க் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் தாண்டி
ஒரு வேலியோரம் குரல் வந்தது:
"இங்கே கொஞ்சம் நிறுத்து, ஆர்ச்சி."
ஒலிவாங்கியில் என் பெயர்.

நடந்து வருபவருக்கு அங்கே
முள்செடியும் எச்சரிக்கைப் பலகையும்தான்.
மேல்தளத்தில் எழுந்து நின்றால்தான் தெரியும்
பள்ளம்.
அதன் அடியில், அடி எங்கே என்று சொல்லாத
கறுத்த தண்ணீர்.

"பாதி ஊர் இதற்குள் இருந்தது" என்றாள்.
"எந்தப் பாதி என்று இன்னும் சண்டை ஓயவில்லை.
வங்கிப் படிக்கட்டு, பள்ளிக்கூட மதில்,
முடிதிருத்துபவர் வாசற்கல், அவர் கல்லறைக்கல்.
இருநூறு வருஷத்துக்கு மேல் தோண்டினார்கள்.
அடுத்தவருக்குக் குழி பறிப்பவர்கள்
உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.
நாங்கள் பறித்த குழியை
நிமிர்த்தி வைத்துக் குடியிருக்கிறோம்."

ஒரு கேமராகூடச் சொடுக்கவில்லை.
பிறகு, பெட்டியில் தூரமாய், ஒரு பிள்ளைக் குரல்:
"எல்லாத்தையும் திருப்பிப் போட்டா
சரியா நிரம்புமா?"

மூச்சு வாங்கினாள். அது எனக்குத் தெரியாத மூச்சு.
"நிரம்பாது.
லண்டனுக்குக் கப்பலேறிய கற்களை வரவழைக்க வேண்டும்.
செதுக்கும்போது பறந்த தூசியும் வேண்டும்.
அது கொஞ்சம் பேர் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது.
அவர்களையும்தான் போட வேண்டியிருக்கும்."

"அப்ப தண்ணி எங்கே போகும்?"

ஒலிவாங்கியை அணைத்துவிட்டாள்.
பதில் சொன்னாளா, தெரியாது.
அத்தனை காலடிகளும் ஒரே பக்கம் நகர
வண்டி லேசாய்ச் சாய்ந்தது மட்டும்
திசைமாற்றி வழியே என் கைக்கு வந்தது.

திரும்பும்போது மழை விட்டிருந்தது.
ஈரச் சுவர்களில் அப்ரகம் மினுக்கியது.
"இதோ, எங்கள் வெள்ளி நகரம்"
என்று தாளில் இருக்கும் இடம்.
அவள் சொல்லவில்லை.
அவர்களாகவே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மாலையில் படிவம்.
வழித்தட மாற்றம்: பதினான்கு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
பள்ளம் என்று எழுதினேன்.

திருமதி மில்ன் படித்தாள்.
"இந்தச் சாலைகளை
எப்போதுதான் சரிசெய்வார்களோ" என்றபடி
கையெழுத்துப் போட்டாள்.